இடம் கிடைக்குமா? – கல்லூரி வாயிலும் அதன் அளவுகோல்களும்

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த மறுநாள் முதல், நம் கழகத்தை நாடி வரும் பெற்றோர் பலராவர். வயல் வேலையையோ தோல் கிடங்கு வேலையையோ அரைநாள் விட்டுவிட்டு, மகனையோ மகளையோ உடன் அழைத்துக்கொண்டு வருவர். கையில் மதிப்பெண் பட்டியலின் படி ஒன்று இருக்கும். அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: "இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா?"

இவ்வினாவுக்கு ஊரில் விடை கூறுவோர் இருவகையினர். மதிப்பெண்ணைப் பார்த்த அளவில் உதட்டைப் பிதுக்கி, "இதற்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது?" என்போர் ஒரு சாரார். "உங்களுக்குத்தான் சலுகை இருக்கிறதே, எப்படியும் கிடைத்துவிடும்" என்போர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பிழையானவை. முன்னது, விண்ணப்பம் செய்வதற்கு முன்பே நம் பிள்ளையை வீட்டிற்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பின்னது, கணக்குப் பார்க்க விடாமல் ஏமாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஒரு மாணவனின் வாய்ப்பு என்பது அவன் பெற்ற மதிப்பெண்ணால் மட்டும் அமைவதன்று. அம்மதிப்பெண்ணை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அவனைக் கல்லூரி வாயில்வரை அழைத்துச் செல்லும் துணை ஒன்றும் உண்டு. மதிப்பெண் மாணவனுடையது. அளவுகோலோ அரசும் நீதிமன்றமும் வகுப்பது. கடந்த நூறாண்டுகளில் அது பலமுறை மாறியுள்ளது. துணை என்பது சமுதாயத்தின் கடமை. இம்மூன்றும் எவ்வாறு இணைந்து நம் மக்களின் வாய்ப்பை ஆக்கின, எவ்வாறு அழித்தன என்பதை வரலாற்று வழி நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாயிலுக்கு வெளியே நின்ற காலம்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வே அந்நாளில் உயர் கல்விக்குத் திறவுகோலாக இருந்தது. தேர்வு என்னவோ எல்லார்க்கும் பொது என்றே சட்டம் கூறிற்று. ஆனால் தேர்வு எழுதுவதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் அமர வேண்டுமே! அமர்வதற்கே இடமில்லாதவர்க்குத் தேர்வு பொதுவாக இருந்து பயன் என்ன?

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தாம் கோவையில் பயின்ற நாள்களைத் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார்கள். உடன் பயில்வோர் தம் குலத்தையும் இருப்பிடத்தையும் அறிந்துகொண்டால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, அவர்களோடு நெருங்கிப் பழகாது, வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து, அதன்பின் உள்ளே நுழைவது அவர் வழக்கமாக இருந்தது. பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் பேராளராக அமர்ந்த பெருமகனார், இளமையில் மணியோசைக்காக வெளியே காத்து நின்றார் என்பதை இன்றைய இளைஞர் மறத்தலாகாது. அவர் மனத்திறன் எவ்வளவினது என்பதை அன்றைய எந்தத் தேர்வும் கேட்கவில்லை.

இந்நிலையை மாற்ற முதலில் முன்வந்தவை கிறித்தவ மிஷன் பள்ளிகள். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றே எம்.சி. ராஜா அவர்கள் ஆசிரியராகவும், பின்னர்ச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாகவும் உயர்ந்தார்கள். 1893-ஆம் ஆண்டு சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென ஆணை ஒன்றைப் பிறப்பித்துத் தனி உதவிகளை வகுத்தது. 1894-ஆம் ஆண்டு முதல் கர்னல் ஆல்காட் அவர்கள் அடையாற்றை ஒட்டிப் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1916-ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார்கள். சென்னையில் எல்.சி. குருசாமி அவர்கள் அருந்ததிய மக்களுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார்கள். இவை யாவும் கல்லூரிகள் அல்ல. தொடக்க நிலைப் பள்ளிகளே மிகுதி. எனினும் கல்லூரி வாயிலை நோக்கிச் செல்லும் பாதையில் முதற் கல்லை இட்டவை இவையே. துணையின்றி வாய்ப்பு இல்லை என்பதற்கு இவை முதற் சான்றுகளாம்.

இருநூற்று எண்பத்திரண்டு

மதிப்பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோர்க்கு விடையாக ஒரு வரலாற்றுச் செய்தியை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர், 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. அதாவது நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் சற்றுக் குறைவு. அம்மாணவர்தாம் டாக்டர் பீமராவ் அம்பேத்கர்.

இன்றைய தரவரிசைப் பட்டியலில் அம்மதிப்பெண்ணை இட்டால் அது எப்பக்கத்தில் வரும் என்பதைக் கூறவும் வேண்டுமோ? ஆயின், அம்மதிப்பெண் எத்தகைய நிலையில் பெறப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில், ஓர் அறையே படுக்கையும் சமையலும் படிப்பும் ஆகிய வீட்டில் பயின்றவர் அவர். வடமொழி கற்க விழைந்தும் தீண்டத்தகாதவர் என்பதால் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்தவர். இந்நிலையில் பெற்ற 282 என்பது வெறும் எண் அன்று. கடந்துவந்த தொலைவின் கணக்குமாகும்.

அத்தொலைவைக் கண்டுணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர். பாராட்டுக் கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மேற்படிப்புக்குப் பொருளின்றி இருந்த இளைஞரைப் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்று, திங்கள் ஒன்றுக்கு 25 ரூபாய் உதவித்தொகை பெற்றுத் தந்தார். 1913-ஆம் ஆண்டு அதே பரோடா அரசின் உதவியால் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். 1915-இல் அங்கு முதுகலைப் பட்டம் பெற்றார். 1923-இல் இலண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், 1927-இல் கொலம்பியாவின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தது.

கேலுஸ்கர் மதிப்பெண்ணை மாற்றவில்லை. மதிப்பெண்ணுக்கும் வாய்ப்புக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை நிரப்பினார். அதனை அம்பேத்கர் மறக்கவில்லை என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக அவையில் அவர் உறுப்பினராக இருந்தபோதுதான், 1944-ஆம் ஆண்டில், பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கப்பெற்றது. இன்றும் நம் பிள்ளைகள் பெற்று வரும் உதவித்தொகை அதன் வழிவந்ததேயாகும்.

பதினான்கில் இரண்டு

இனி, அளவுகோலின் வரலாற்றைக் காண்போம். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921-ஆம் ஆண்டு, வகுப்புவாரி ஆணை பிறந்தது. அரசுப் பணிகளில் ஒரு சாராரே நிறைந்திருந்த நிலையை மாற்றுவது அதன் நோக்கம். 1928 அளவில் அது செயலுக்கு வந்தபோது, பன்னிரண்டு பணியிடங்களில் ஒன்று நம் மக்களுக்கு எனக் குறிக்கப்பெற்றது. 1947-இல் அம்முறை திருத்தப்பெற்றுப் பதினான்கு இடங்கள் கொண்ட சுற்றாக அமைந்தது. மருத்துவ, பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கும் அத்தகைய பதினான்கிடச் சுற்றே பின்பற்றப்பட்டது. அதன்படி பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டன.

அக்காலத்தில் இடங்கள் எவ்வளவு அரியன என்பதையும் அறிதல் வேண்டும். 1950 அளவில், இன்றைய ஆந்திரத்தின் பெரும்பகுதியையும் மலபாரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சென்னை மாநிலம் முழுமைக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் மொத்த இடங்கள் 330. அரசு பொறியியற் கல்லூரிகளும் நான்கே. அவற்றில் இடங்கள் 395.

இப்பகுப்பு நம் மக்களுக்குப் பெரும் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் ஓர் இயல்பை இளைஞர் நுணுகி நோக்க வேண்டும். அம்முறையில் பொதுப் போட்டிக்கான இடம் என்று ஒன்று இல்லை. பதினான்கு இடங்களும் ஆறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தன. ஹரிஜன மாணவன் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும் அவனுக்குரிய அறையில் இருந்த இரண்டு இடங்களுக்கே போட்டியிட முடியும். அந்த இரண்டு என்பது காலுக்குக் கீழே தரையாக இருந்தது. அதுவே தலைக்கு மேலே கூரையாகவும் இருந்தது.

1951: தரை நின்றது, கூரை நீங்கியது

1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இவ்வாணை நீதிமன்றத்தின் முன் நின்றது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்துச் செண்பகம் துரைராஜன் என்பாரும், பொறியியற் கல்லூரிச் சேர்க்கை குறித்துச் சீனிவாசன் என்பாரும் வழக்குத் தொடுத்தனர். முதலாமவர் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது வழக்கில் வெளிப்பட்ட செய்தி. உயர் நீதிமன்றம் 1950-இலும், உச்ச நீதிமன்றம் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாளிலும் வகுப்புவாரி ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தன.

தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியார் தலைமையில் கிளர்ச்சிகள் நடைபெற்றன. அதே ஆண்டு ஜூன் திங்களில் அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்று, 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கல்வியில் பிற்பட்ட வகுப்பினர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுக்குக் கிட்டியது. அதன்பின் நம் மாநிலத்தில் எழுந்த முறையில் பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் நூற்றுக்கு 15 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 1954-இல் அது 16 ஆயிற்று. சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பின் 1971-இல் 18 ஆயிற்று. 1990-இல் பழங்குடியினர்க்கெனத் தனியே 1 விழுக்காடு பிரிக்கப்பட்டு, பட்டியல் இனத்தார்க்கு 18 நிலைத்தது. மொத்த ஒதுக்கீடாகிய 69 விழுக்காட்டைக் காக்க மாநில அரசு இயற்றிய சட்டம், 1994-இல் 76-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பெற்றது. 2009-இல் அருந்ததியர்க்கு 18-க்குள் 3 விழுக்காடு முன்னுரிமையாக வழங்கப்பெற்றது. இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் தீர்ப்புரைத்தது.

எண்கள் மாறியதைப் பலரும் அறிவர். எண்ணைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதனைப் பலர் அறியார். 1951-க்குப் பின் வந்த முறையில் பொதுப் போட்டி என்னும் பகுதி உண்டு. அது எந்தச் சாதிக்கும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது. நம் மாணவன் பொதுப் பட்டியலில் இடம்பெறும் அளவு மதிப்பெண் பெற்றால், அவன் பொது இடத்திலேயே சேர்க்கப்படுவான்; அவனால் 18-இல் ஓர் இடமும் குறையாது. தரை அப்படியே நிற்க, கூரை நீங்கியது.

இன்று நூறு இடங்கள் உள்ள கல்லூரியில் 31 பொதுவானவை. 18 நமக்கென ஒதுக்கப்பட்டவை. ஆகவே நம் பிள்ளை போட்டியிடும் இடங்கள் 18 அல்ல, 49. "ஒதுக்கீட்டில் வந்தவன்" என்று பிறர் ஏசுவதைக் கேட்டுக் கேட்டு, "நமக்கு 18 மட்டுமே" என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். பொதுப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காத இளைஞர் நம்மிடையே உளர். சட்டம் நீக்கிய கூரையை நம் மனத்தில் நாமே மீண்டும் வேய்ந்துகொள்வது தகுமோ?

முகத்தைப் பார்த்து இட்ட மதிப்பெண்

எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வின் மதிப்பெண்ணையும் கூட்டி மாணவரைத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று உண்டு. தமிழகத்தின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பாட மதிப்பெண்ணுக்கு 200 எனவும் நேர்முகத்துக்கு 75 எனவும் வகுத்திருந்தனர். இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். பாடத்தில் 180 பெற்ற சிற்றூர் மாணவனுக்கு நேர்முகத்தில் 20 இட்டால் அவன் பெறுவது 200. பாடத்தில் 150 பெற்றவனுக்கு நேர்முகத்தில் 60 இட்டால் அவன் பெறுவது 210. ஆண்டு முழுதும் விளக்கொளியில் பயின்று ஈட்டிய 30 மதிப்பெண் முன்னணி, சில நிமிடப் பேச்சில் கரைந்துபோகும்.

நேர்முகத்தில் எதனை அளந்தனர்? நடையுடை, ஆங்கிலப் பேச்சு, பொது அறிவு, தோற்றப் பொலிவு என்பன போன்றவற்றை ஆளுமை எனப் பெயரிட்டு அளந்தனர். இவை வீட்டின் வளத்தால் வருவன. மூளையின் வளத்தால் வருவன அல்ல. தந்தையின் பெயரும் ஊரும் தொழிலும் எதிரில் அமர்ந்திருப்போர்க்குத் தெரியும். இரட்டைமலையார் பள்ளிக்கு வெளியே நின்று மறைத்துக்கொண்ட செய்திகளை, இங்கே மாணவன் தன் வாயாலேயே கூறியாக வேண்டும்.

1970-இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 75 மதிப்பெண் முறையைக் கண்டித்தது. 1980-இல் காசுமீரத்துப் பொறியியற் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் அளித்தல் நேர்மையன்று எனத் தெளிவாக்கியது. அளவுகோலில் கைப்பழுது இருக்கக் கூடும் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது எனலாம்.

நுழைவுத் தேர்வு வந்ததும் போனதும்

1980-இல் மேல்நிலைப் பொதுத் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. புகுமுக வகுப்பு மறைந்து, கல்லூரிச் சேர்க்கையின் அடிப்படை மேல்நிலைப் பள்ளிக்கு வந்தது. சிற்றூர்களிலும் மேல்நிலைப் பள்ளிகள் தோன்றத் தொடங்கியமையால் இது நமக்கு நன்மையே. ஆயினும் 1984-85-இல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு கொண்டுவரப் பெற்றது. நேர்முகத்தின் குறையை நீக்கியது என்னும் வகையில் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. விடைத்தாள் முகம் பார்ப்பதில்லை. எனினும் காலப்போக்கில் நகரங்களில் பயிற்சி நிலையங்கள் பெருகின. மேல்நிலை மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300 என்று கணக்கிட்ட ஆண்டுகளில், அந்த 100-க்கான பயிற்சியை விலை கொடுத்து வாங்க வல்லவர் முந்தினர். சிற்றூரில் அப்பயிற்சி விலைக்கும் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தில் இருமுறை தடைபட்ட பின், 2006-இல் இயற்றப்பெற்றுக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்தது. மேல்நிலை மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் வந்தது. நம் வீடுகளில் பொறியாளர் என்னும் சொல் பரவலாகக் கேட்கத் தொடங்கிய காலம் அதுவே.

இரண்டு அளவுகோல்களுக்கு இடையே

மருத்துவக் கல்விக்கு அந்நிலை பத்தாண்டே நீடித்தது. அகில இந்திய அளவிலான நீட் தேர்வு 2017 முதல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நடந்ததை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா மேல்நிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்றிருந்தார். மருத்துவத்துக்கான பழைய கணக்கில் அது 200-க்கு 196.75. அந்த அளவுகோல் நீடித்திருந்தால் அவர் மருத்துவ மாணவி. நீட் தேர்வில் அவர் பெற்றது 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியும் பயனின்றி, 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் அவரை நாம் இழந்தோம்.

ஒரே பெண், ஒரே அறிவு, ஒரே ஆண்டு. ஓர் அளவுகோல் அவரைத் தமிழகத்தின் முன்னணி மாணவியர் வரிசையில் நிறுத்தியது. மற்றொன்று வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. மாறியது மாணவி அல்லர், கோலே என்பது வெள்ளிடை மலை. அளவுகோல் தவறினால் அதனைத் திருத்தப் போராடலாம்; அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வு எழுதலாம்; வேறு வாயிலைத் தட்டலாம். உயிர் ஒன்றே திரும்பப் பெற இயலாதது. எந்தக் கல்லூரி இடமும் நம் வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு ஈடன்று என்பதை ஒவ்வொரு பெற்றோரும் முடிவு வரும் நாளில் பிள்ளையின் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பேச்சிலும் உணவிலும் உறக்கத்திலும் மாறுதல் கண்டால், தனித்து விடாது ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் தயங்காது அழைத்துச் செல்லவேண்டும்.

நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2017-இலும் 2021-இலும் நிறைவேற்றிய மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆயின் 2020-இல் மற்றொரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்பெற்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். 2021-இல் இவ்வுரிமை பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. கடந்துவந்த தொலைவையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்னும் கருத்து, 282-இன் கதையில் நாம் கண்ட அதே கருத்து, இங்கே சட்டமாகி நிற்கிறது.

இன்று கணக்கிடும் முறை

இவ்வரலாற்றை அறிந்தபின், "இடம் கிடைக்குமா?" என்னும் வினாவுக்கு நாம் எவ்வாறு விடை காண்பது?

முதலாவதாக, கட்-ஆஃப் என்பதன் பொருளை உணர்க. அது தகுதியின் எல்லைக்கோடு அன்று. சென்ற ஆண்டு அக்கல்லூரியில் அப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்த மாணவரின் மதிப்பெண், அவ்வளவே. இடங்கள் மிகுந்தாலோ, வினாத்தாள் கடினமாக இருந்தாலோ அது இறங்கும், நேர்மாறானால் ஏறும். ஆகவே ஓராண்டுக் கணக்கை மட்டும் பாராது, மூன்று நான்கு ஆண்டுகளின் கணக்கை அடுக்கிப் பார்த்தல் வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணே உறுதியான வழிகாட்டி.

இரண்டாவதாக, பொதுப் பட்டியல், நம் வகுப்புப் பட்டியல், அரசுப் பள்ளி மாணவர் பட்டியல் ஆகிய மூன்றிலும் தன் இடம் எது என்பதை மாணவன் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அருந்ததிய மாணவர் தமக்குரிய உள் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் சேர்த்து நோக்குக. மத்திய அரசின் நிறுவனங்களில் பட்டியல் இனத்தார்க்கு 15 விழுக்காடு என்பதையும், அவற்றின் வாயில் வேறு என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவதாக, விருப்பப் பட்டியலை மூன்று கூறாக அமைக்க: கிட்டுதற்கு அரியவை, கிட்டக் கூடியவை, உறுதியாகக் கிட்டுபவை. மூன்றிலும் சில கல்லூரிகள் இருத்தல் வேண்டும். 2018 முதல் பொறியியற் கலந்தாய்வு இணைய வழியில் நடைபெறுகிறது. அதில் அரிய கல்லூரியை முதலில் குறிப்பதால், பின்னே குறித்த கல்லூரிகளில் நம் வாய்ப்பு சிறிதும் குறையாது. "நமக்கு எங்கே" என்று அஞ்சி உயர்ந்த கல்லூரியை எழுதாமல் விடுவோர், தமக்குரிய இடத்தைத் தாமே பிறர்க்கு விட்டுக்கொடுத்தவராவர்.

நான்காவதாக, சான்றிதழ்கள். வட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு எழுதுமுன்பே ஆயத்தம் செய்க. மதிப்பெண் இருந்தும் தாள் ஒன்று இல்லாமையால் இடம் இழப்பது கொடுமையினும் கொடுமை. கிறித்தவம் தழுவிய குடும்பத்தார், சட்டப்படி தம் பிள்ளை எப்பிரிவில் வைக்கப்படுகிறார் என்பதை முன்னரே தெளிந்துகொள்ளுதல் நன்று.

இறுதியாக, துணை. கேலுஸ்கர் ஒருவர் இல்லாதிருந்தால் 282 என்பது ஒரு பழைய பதிவேட்டில் புதைந்த எண்ணாகப் போயிருக்கலாம். நம் சேரியில் இவ்வாண்டு தேர்வு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும், படித்து முன்னேறிய நம்மவருள் ஒருவர் கேலுஸ்கராக நிற்க வேண்டும். விண்ணப்பத்தை உடன் அமர்ந்து நிரப்புவதும், கலந்தாய்வுக் கட்டணத்திற்கு உதவுவதும், மறுக்கப்பட்ட சான்றிதழுக்காக அலுவலகப் படியேறுவதும் பெருந்தொண்டுகளே. நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணிக்கு இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை.

அன்பார்ந்த இளைஞர்களே! உங்கள் முன்னோர் வாயிலுக்கு வெளியே மணியோசைக்காக நின்றனர். பதினான்கில் இரண்டு என்னும் கூரைக்குக் கீழ்ப் பயின்றனர். முகம் பார்த்து இட்ட மதிப்பெண்ணைச் சுமந்தனர். இன்று நூற்றில் நாற்பத்தொன்பது இடங்கள் உங்கள் போட்டிக்குத் திறந்துள்ளன. "இடம் கிடைக்குமா?" என்று பிறரைக் கேட்கும் முன், தாளையும் எழுதுகோலையும் எடுத்து நீங்களே கணக்கிடுங்கள். கணக்கில் ஐயம் தோன்றின், கழகத்தின் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்.